முன்னால் கடிக்கிறது, பின்னால் கழல்கிறது: பெண்களுக்கான ஷூ பொருந்துகிறதா என்று பார்ப்பது எப்படி?

உங்கள் கேள்வியில் இரண்டு ஷூக்கள் வருகின்றன. முதலாவது கடையில் போட்டுப் பார்த்தபோது கச்சிதமாக இருந்தது. வேலைக்குப் போட்டுக்கொண்டு போன முதல் நாளே சுண்டுவிரலைக் கடித்துவிட்டது. அதனால் அடுத்ததை ஓர் அளவு பெரிதாக வாங்கினீர்கள். விரலுக்கு நிம்மதி கிடைத்தது, ஆனால் அடிக்கு அடி குதிகால் கழன்று வருகிறது. "சின்னது கடிக்கிறது, பெரியது கழல்கிறது, அப்படியானால் என் அளவுதான் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். எண் தெரிந்தால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்ற நினைப்பு அதில் தெரிகிறது. நீங்கள் விவரித்திருப்பதைப் பார்த்தால் உங்களுக்குத் தேவைப்படுவது வேறொன்று: ஷூவைப் போட்டு நிற்கும் முதல் ஐந்து பத்து நிமிடத்திலேயே, மூன்று மணி நேரம் கழித்து அது காலை என்ன செய்யும் என்று கண்டுபிடிக்கும் வழி. அதற்குப் பதில் சொல்ல முடியும். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நான் ஷூ தயாரிப்பில் இருக்கிறேன். ஷூவின் மேல்பாகத்தை எந்த அச்சின்மேல் இழுத்துக் கட்டி உருவம் கொடுக்கிறார்களோ, அந்தக் கால் வடிவ அச்சுக்குத் தொழிலில் லாஸ்ட் என்று பெயர். லாஸ்ட்டைத் திருத்துவதும், அதில் தயாரான மாதிரி ஷூக்களைப் பெண்களின் காலில் போட்டு நடக்கவிட்டுக் குறை கண்டுபிடிப்பதும் பல வருடங்களாக என் வேலை. நான் மருத்துவர் இல்லை. ஷூவுக்குள் எங்கே இடம் போதவில்லை, எங்கே மிஞ்சுகிறது என்பதை உறுதியாகச் சொல்வேன். காலுக்குள் இருக்கும் வலிக்கு என்ன காரணம் என்ற பேச்சு வரும்போது எனக்கு எல்லை உண்டு. அந்த இடம் வரும்போது சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த எண்ணைப் பற்றி. பிரிட்டிஷ், அமெரிக்க முறைகளில் ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மி.மீ. அரை அளவு என்றால் அதில் பாதி. ஐரோப்பிய முறையில் ஒரு படி சுமார் 6.7 மி.மீ. இந்த எண்களைப் பெரும்பாலும் லாஸ்ட்டின் நீளத்தை வைத்துத்தான் போடுகிறார்கள். விரல் நுனிக்கு முன்னால் எவ்வளவு இடம் விடுவது என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் போக்கில் முடிவு செய்கிறார். ஒரே எண் போட்ட இரண்டு ஷூக்கள் இரண்டு விதமாக இருப்பதற்கு இதுவே போதும். பாதத்தின் நீளத்தை நேரடியாக மில்லிமீட்டரில் குறிக்கும் மான்டோபாயின்ட் என்ற முறையும் இருக்கிறது. ராணுவ பூட்ஸிலும் பனிச்சறுக்கு பூட்ஸிலும் அதைப் பார்க்கலாம். பெண்கள் அன்றாடம் போடும் ஷூக்களில் அதிகம் பார்க்க முடியாது. ஆகவே எண் என்பது அலமாரியில் எந்தப் பெட்டியை முதலில் எடுப்பது என்று சொல்லும், அவ்வளவுதான்.

உங்கள் சிக்கலின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. ஷூவுக்கு நீளம் போலவே அகலமும் உண்டு, அதற்கென்று தனிக் குறியீடும் உண்டு. பெண்களுக்கான வழக்கமான அகலத்தை அமெரிக்க முறையில் பி என்றும் பிரிட்டிஷ் முறையில் டி என்றும் குறிப்பார்கள். அதைவிட அகலமானதும் குறுகலானதும் அதே நீளத்தில் செய்ய முடியும். செய்கிறவர்கள் குறைவு. ஒவ்வொரு நீளத்துக்கும் மூன்று அகலம் என்றால் தயாரிப்பவருக்கு லாஸ்ட் மூன்று மடங்கு, கடைக்காரருக்குச் சரக்கு மூன்று மடங்கு. அதனால் பெரும்பாலான கடைகளில் ஒரே அகலம்தான் இருக்கும். இனி கவனியுங்கள்: அளவை ஒரு படி ஏற்றும்போது நீளம் 8.5 மி.மீ. கூடுகிறது, கூடவே முன்பாதத்தைச் சுற்றி வரும் சுற்றளவும் சுமார் 6 மி.மீ. கூடுகிறது. அகலம் போதாத பெண் ஓர் அளவு பெரிதாக வாங்கினால் அவருக்குத் தேவையான அகலம் கிடைத்துவிடுகிறது, தேவைப்படாத நீளமும் சேர்ந்து வருகிறது. உங்கள் இரண்டாவது ஷூ இதுதான். "என் கால் ஒரு மாதிரி, எந்த ஷூவும் சேராது" என்று என்னிடம் சொல்லும் பெண்களில் நிறையப் பேருடைய காலில் எந்தக் கோளாறும் இருப்பதில்லை. கடையில் ஓர் அகலம் மட்டும் வைத்துவிட்டுக் காலைக் குறை சொல்ல வைப்பது எனக்கு எப்போதும் வருத்தமான விஷயம்.

அதிகம் ஏறிய நீளம் ஏன் தொந்தரவு செய்கிறது என்று புரிந்துகொள்ள, பாதம் மடங்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். நடக்கும்போது குதிகால் தரையை விட்டு எழும். பாதம் விரல்களின் அடிமூட்டு வரிசையில் மடங்கும். உள்பக்கத்தில் பெருவிரலின் அடிமூட்டிலிருந்து வெளிப்பக்கத்தில் சுண்டுவிரலின் அடிமூட்டுவரை சற்றே பின்னோக்கிச் சாய்வாக ஓடும் கோடு அது. பாதத்தின் அதிகபட்ச அகலமும் அதே கோட்டில்தான். ஷூவிலும் அப்படியொரு கோடு இருக்கிறது: அதன் மிக அகலமான இடம், சோல் மடங்கும்படி செய்யப்பட்ட இடம். பாதத்தின் கோடும் ஷூவின் கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும். கீல் சரியான இடத்தில் பொருந்தாத கதவு எப்படி ஒவ்வொரு முறையும் சட்டத்தோடு மல்லுக்கு நிற்குமோ, அப்படித்தான் கோடு தவறிய ஷூவும் ஒவ்வொரு அடிக்கும் காலோடு இழுபறி செய்யும். பொருத்தம் என்று நான் சொல்வதில் முக்கால் பங்கு இந்த ஒன்றுதான்.

ஒரே நீளப் பாதம் கொண்ட இரண்டு பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு விரல்கள் நீளம், குதிகாலிலிருந்து மூட்டுவரை குட்டை. இன்னொருவருக்கு விரல்கள் குட்டை, மூட்டு முன்னால் தள்ளி இருக்கிறது. நுனியை மட்டும் அளந்தால் இருவருக்கும் ஒரே எண் வரும். இரண்டாமவருக்கு அந்த எண் குட்டை. விரல் நுனிக்கு முன்னால் இடம் இருக்கும், ஆனாலும் மூட்டு ஷூ குறுகத் தொடங்கும் இடத்தில் போய் மாட்டிக்கொள்ளும். அமெரிக்காவின் சிராக்யூஸ் நகரைச் சேர்ந்த சார்லஸ் பிரானக் 1920களில் வடிவமைத்த உலோக அளவுகோல் இன்னும் பல கடைகளில் இருக்கிறது. அதில் நுனிவரை உள்ள நீளம், மூட்டுவரை உள்ள நீளம், அகலம் என்று மூன்றையும் எடுக்கலாம். நீளம் இரண்டும் இரண்டு எண்ணைக் காட்டினால் பெரிய எண்ணை எடுப்பது வழக்கம். கருவி இருந்தும் பல கடைகளில் முதல் அளவை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். மூட்டு அளவையும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கருவி இல்லாவிட்டாலும் கையால் பார்க்கலாம். வெறுங்காலில் எழுந்து நின்று, பாதத்தின் உள்பக்கமாகப் பெருவிரலிலிருந்து பின்னோக்கித் தடவிக்கொண்டு வாருங்கள். எலும்பு உருண்டையாக வெளியே தள்ளும் ஓர் இடம் விரலில் தட்டும். அதுதான் மூட்டு. இப்போது ஷூவைப் போட்டு, எழுந்து நின்று, ஷூவின் மேல்தோல் வழியாக அதே உருண்டையைத் தேடுங்கள். ஷூவின் உள்விளிம்பு வெளியே வளைந்து மிக அகலமாகும் இடத்தில் அது உட்கார்ந்திருந்தால் சரி. அந்த வளைவைத் தாண்டி, முனை குறுகும் பக்கம் போயிருந்தால் ஷூ உங்களுக்குக் குட்டை, முன்னால் எவ்வளவு இடம் இருந்தாலும். வளைவுக்குப் பின்னால் நின்றுவிட்டால் ஷூ நீளம். சந்தேகமாக இருந்தால் குதிகாலை மெல்ல உயர்த்தி, மேல்தோலில் மடிப்பு எங்கே விழுகிறது என்று பாருங்கள். மடிப்பு மூட்டுக்கு நேர்மேலே விழ வேண்டும். விரல்களின் மேல் விழுந்தால் அந்த மடிப்பே சில நாளில் விரலை அறுக்கும்.

உங்கள் இரண்டாவது ஷூவில் குதிகால் கழல்வதற்கும் இங்கேதான் காரணம் இருக்க வேண்டும். மூட்டு பின்னால் நிற்கிறது, ஷூ அதற்கு முன்னால் மடங்கப் பார்க்கிறது. கால் ஓரிடத்திலும் ஷூ இன்னோரிடத்திலும் மடங்கும்போது பின்பக்கம் காலோடு எழுவதில்லை, கழன்று நிற்கிறது. இதோடு இன்னொன்றும் சேரலாம். பாத அளவுகளை ஒப்பிட்டவர்கள் கண்டது: ஒரே நீளமுள்ள பாதங்களில், சராசரியாகப் பெண்களின் குதிகால் ஆண்களுடையதைவிட முன்பாதத்தோடு ஒப்பிடக் குறுகல். சராசரி என்பதை நினைவில் வையுங்கள், எல்லாப் பெண்களுக்கும் அப்படியில்லை. ஆனால் முன்னால் அகலம், பின்னால் குறுகல் என்ற கால் மிகவும் சாதாரணம். சில தயாரிப்பாளர்கள் குதிகால் பகுதியை மட்டும் குறுக்கிய லாஸ்ட்டில் ஷூ செய்கிறார்கள். உங்கள் விவரிப்பைக் கேட்டால் நீங்கள் தேட வேண்டியது அதை, அல்லது முதல் ஷூவின் அதே நீளத்தில் அடுத்த அகலத்தை.

இப்போது கடையில் செய்ய வேண்டியவை. மாலையில் போங்கள், நாள் முழுக்க நின்று நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும், அந்தக் காலுக்குத்தான் ஷூ பொருந்த வேண்டும். எந்தக் காலுறையோடு போடப்போகிறீர்களோ அதையே கொண்டு போங்கள். இரண்டு காலிலும் போடுங்கள். இரண்டு பாதமும் துல்லியமாக ஒரே அளவில் இருப்பவர்கள் அரிது. பெரிய காலுக்கு வாங்கிவிட்டுச் சின்ன காலுக்கு உள்ளே ஒரு மெல்லிய இன்சோல், அதாவது உள்ளங்காலின் அடியில் வரும் உள்தட்டு, போடுவது எளிது, மாற்றிச் செய்ய வழியில்லை. எல்லாச் சோதனையும் நின்றபடியே செய்ய வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது உள்ளங்கால் வளைவு உயர்ந்திருக்கும். உடல் எடை ஏறியதும் வளைவு இறங்கி, பாதம் நீண்டு அகலும்.

மிக நீளமான விரலுக்கும் ஷூவின் உள்முனைக்கும் இடையே சுமார் ஒரு சென்டிமீட்டர் வேண்டும். மிக நீளமான விரல் எல்லோருக்கும் பெருவிரல் இல்லை. பலருக்கு இரண்டாவது விரல்தான் முந்தி நிற்கும். கடைகளில் முனையைக் கட்டைவிரலால் அழுத்தி "இடம் இருக்கிறது" என்று சொல்வதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. மேலே கை பட்டவுடன் நாம் அறியாமலே விரலை உள்ளே இழுத்துக்கொள்கிறோம். முனை கெட்டியாக இருந்தால் அழுத்தியும் ஒன்றும் தெரியாது. அதைவிட நம்பகமானது, உள்ளே இருக்கும் இன்சோல் கழன்று வருமானால் அதை வெளியே எடுத்துத் தரையில் போட்டு, குதிகாலை அதன் பின்விளிம்போடு ஒட்டி வைத்து ஏறி நிற்பது. விரல் நுனிக்கு முன்னால் எவ்வளவு மிச்சம், சுண்டுவிரல் பக்கம் எவ்வளவு வெளியே வழிகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். கழலாத இன்சோல் என்றால் வீட்டிலேயே ஒரு தாளில் நின்று, பென்சிலை நிமிர்த்திப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரைந்து, வெட்டி எடுத்துப் போங்கள். அந்தத் தாளை ஷூவின் அடிப்பாகத்தின்மேல் வைத்துப் பாருங்கள். மேல்தோல் ஓரளவு வெளியே வளைந்து இடம் தரும், எனவே ஓரிரு மில்லிமீட்டர் வெளியே தெரிந்தால் பதற வேண்டாம். சுண்டுவிரலில் பாதி வெளியே நின்றால் அந்த ஷூவை அப்படியே வைத்துவிடுங்கள்.

அமெரிக்க எலும்பியல் பாத, கணுக்கால் மருத்துவர்கள் சங்கத்தின் சார்பில் 356 பெண்களிடம் நடத்தி 1993இல் வெளியிட்ட ஆய்வில், 88 சதவீதத்தினர் தம் பாதத்தைவிடச் சிறிய ஷூவைப் போட்டிருந்தார்கள். ஒரு நாட்டில் சில நூறு பேரிடம் எடுத்தது என்பதால் உலகம் முழுதுக்கும் அதே சதவீதம் என்று நீட்ட முடியாது. ஆனாலும் நான் வேலையில் பார்ப்பதோடு அது முரண்படவில்லை. என்னிடம் வருபவர்களில் நீளம் தப்பாக வாங்கியவர்களைவிட அகலம் தப்பாக வாங்கியவர்களே அதிகம்.

அகலத்தைக் கையால் பார்க்க, நின்றபடி மூட்டுக் கோட்டின் மேலுள்ள ஷூவின் மேல்தோலை இரண்டு விரலால் கிள்ளுங்கள். மென்மையான தோல் கொஞ்சமாக மடிந்து கையில் வர வேண்டும். மத்தளம் போல விறைத்திருந்தால் குறுகல். கொத்தாகக் கையில் வந்தால் மிச்சம். மேலிருந்து குனிந்து பார்க்கும்போது மேல்தோல் சோலின் விளிம்பைத் தாண்டித் தொங்கினால் அதுவும் குறுகல்தான். கயிறு கட்டும் ஷூவாக இருந்தால் இரண்டு பக்கத் துளை வரிசைகளும் ஏறக்குறைய இணையாக நிற்க வேண்டும். கட்டிய பிறகும் வரிசைகள் விரிந்து நின்றால் புறங்காலுக்கு உயரம் போதவில்லை, ஒன்றோடொன்று முட்டினால் உள்ளே இடம் அதிகம். பெருவிரலை உள்ளுக்குள்ளேயே மேலே தூக்கிப் பாருங்கள். நகம் உடனே கூரையில் இடித்தால் முனையின் உயரம் போதாது. நகம் கருப்பதும் விரல் மூட்டின்மேல் கால் ஆணி வருவதும் இப்படித்தான் தொடங்குகின்றன.

குதிகால் துளிகூட அசையக் கூடாது என்று சிலர் எதிர்பார்க்கிறார்கள். புதிய ஷூவின் சோல் விறைப்பாக இருக்கும்; முதல் சில நாள் ஓரிரு மில்லிமீட்டர் எழும்பும், சோல் பழகியதும் அடங்கிவிடும். விரல் நுழையும் அளவுக்கு எழும்பினாலோ, பின்விளிம்பு குதிகாலுக்கு மேலுள்ள தசைநாரில் தேய்த்தாலோ அது பழகாது. கணுக்கால் எலும்புக்கு அடியில் விளிம்பு உரசுகிறதா என்றும் பாருங்கள், அவசரத்தில் பலரும் விட்டுவிடும் இடம் அது.

பிறகு நடங்கள். கடையின் கம்பளத்தில் நடந்தால் எல்லா ஷூவும் நன்றாகத்தான் இருக்கும். வெறும் தரையில் நடங்கள், திரும்புங்கள், படி இருந்தால் இறங்குங்கள். இறங்கும்போது பாதம் முன்னால் சரிந்து விரல் நுனி முட்டுகிறதா என்று தெரியும். இந்த நேரத்தில் கவனம் முழுவதும் விரல்களின்மேல் இருக்கட்டும். ஷூ கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் தாமாகவே மடங்கி அடிப்பாகத்தைப் பற்றிக்கொள்கின்றனவா? அப்படியானால் ஷூ காலைப் பிடிக்கவில்லை, கால்தான் ஷூவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மற்ற எல்லாச் சோதனையிலும் தேறிய ஷூவைக்கூட இந்த ஒன்றுக்காக நான் நிராகரிக்கச் சொல்வேன். சாயங்காலம் கெண்டைக்காலும் உள்ளங்காலும் சோர்ந்து போவதற்கு ஓயாத இந்தப் பிடிப்பு போதும்.

வேலைக்குப் போடுவது பட்டையோ கயிறோ இல்லாத, முன்பக்கம் தாழ்வாக வெட்டிய பம்ப் வகை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். புறங்காலில் பிடிக்க ஒன்றுமில்லாத ஷூ, முன்விளிம்பையும் குதிகாலையும் மட்டும் நம்பிக் காலில் நிற்கிறது. நிற்க வேண்டுமானால் கொஞ்சம் இறுக்கமாகத்தான் செய்தாக வேண்டும். முன்பாதம் அகலமாகவும் குதிகால் குறுகலாகவும் உள்ள சிலருக்குக் கடையில் தயாராகக் கிடைக்கும் எந்தப் பம்ப்பும் பொருந்தாது. எத்தனை கடை ஏறினாலும் அவர்களுக்குக் கிடைப்பது கடிப்பதும் கழல்வதும் மாறி மாறித்தான். புறங்காலில் ஒரு பட்டை வந்தாலே நிலைமை பெரிதும் மாறிவிடுகிறது. பட்டை பாதத்தைப் பின்னால் பிடித்துவைப்பதால் முன்னால் இறுக்க வேண்டிய அவசியம் குறைகிறது.

ஹீல்ஸ் உயர உயர உடல் எடை முன்பாதத்துக்கு நகர்கிறது, பாதமும் சரிவில் முன்னோக்கி வழுக்குகிறது. அதனால் ஹீல்ஸில் தட்டை ஷூவைவிட அரை அளவு குறைத்து வாங்கச் சொல்பவர்கள் உண்டு. மூட்டு இன்னும் அகலமான இடத்திலேயே உட்கார்ந்தால் மட்டும் அப்படிச் செய்யலாம் என்பது என் கருத்து. வழுக்குவதைத் தடுக்க விரல்களை முட்டுக்கொடுக்கக் கூடாது. பாத வளைவின் அடியில் ஷூ ஒட்டி நின்று தாங்குகிறதா, இடைவெளி விட்டுத் தொங்குகிறதா என்பதையும் பாருங்கள். ஒட்டி நின்றால் எடையில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும். கூர்முனை ஷூவில், கூரான நுனி வெறும் அலங்காரம். விரல்கள் முடிந்த பிறகே குறுகல் தொடங்க வேண்டும். விரல்களின் மேலேயே தொடங்கினால் நீளத்தைக் கூட்டியும் பயனில்லை.

கழல்கிறது என்று சொன்னவுடன் குதிகாலில் ஒட்டும் பஞ்சுத் துண்டை எடுத்து நீட்டுவார்கள். முன்னால் தாராளமாக இடம் உள்ள ஷூவில் அது உதவும். உங்கள் முதல் ஷூவைப் போல முன்னால் ஏற்கெனவே இறுக்கமானதில் ஒட்டினால், பாதத்தை இன்னும் முன்னால் தள்ளிக் கடியை அதிகமாக்கும். உங்கள் இரண்டாவது ஷூவில் வேண்டுமானால் முயன்று பார்க்கலாம். ஆனால் அதில் மூட்டு ஏற்கெனவே பின்னால் நிற்கிறது என்றால் பஞ்சு அதைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவரும், முழுதாகச் சரியாக்காது. கயிறோ பட்டையோ உள்ள ஷூவில் நாக்கின் அடியில் ஒரு பட்டைப் பஞ்சு வைத்துக் காலைப் பின்னால் தள்ளுவது பெரும்பாலும் இதைவிட நல்ல வழி.

"நாலு நாள் போட்டால் பழகிவிடும்" என்ற பேச்சில் பாதி உண்மை. நல்ல தோல் அகலவாட்டில் கொஞ்சம் கொடுக்கும். சுண்டுவிரலுக்கோ புடைத்த மூட்டுக்கோ நேராக அந்த ஓர் இடத்தை மட்டும் கருவி வைத்து விரித்துத் தரக்கூடிய தொழிலாளிகளும் இருக்கிறார்கள். செயற்கைத் தோல் பெரும்பாலும் கொடுக்காது. கொடுத்தாலும் பழையபடி திரும்பிவிடும். எந்தப் பொருளாக இருந்தாலும் நீளம் அதிகரிக்காது. மூட்டுக் கோடு இடம் மாறாது. குதிகால் பகுதி குறுகாது. ஆகவே லேசான அகல இறுக்கம், அதுவும் மென்தோலில் என்றால் பொறுக்கலாம். மற்றவற்றை முதல் நாளே கடையில் விட்டுவிட்டு வருவது நல்லது.

வீட்டில் இருக்கும் பழைய ஷூக்களும் நிறையச் சொல்லும். அலுவலகத்துக்குப் போடும் ஷூவால் நடு விரல்கள் எரிகின்றன என்று ஒரு பெண் ஒரு ஜோடியைக் கொண்டுவந்தார். வெளியே பார்க்கப் புதிது போலவே இருந்தது. இன்சோலை உருவி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தோம். குதிகாலின் கருமையான வட்டம் பின்விளிம்பிலிருந்து ஒரு விரல்கடை முன்னால் தள்ளி இருந்தது. முன்னால் ஐந்து விரல் தடம் இருக்க வேண்டிய இடத்தில் நான்குதான் தெரிந்தது. சுண்டுவிரலின் தடம் இன்சோலில் இல்லை, பக்கச் சுவரின் உள்துணியில், ஒரு ரூபாய் நாணயம் அளவில் தேய்ந்து பளபளத்தது. பெருவிரல் தடம் உட்பக்கம் சாய்ந்து இரண்டாவது விரலின்மேல் ஏறியிருந்தது. ஷூ நீளம், அகலம் போதாது, பாதம் நாள் முழுக்க முன்னால் வழுக்குகிறது என்று எல்லாமே அதில் இருந்தது. அவர் அதுவரை வாங்கியதைவிட ஓர் அளவு குறைவான, அகலக் குறியீடு கூடிய, பட்டை வைத்த ஷூவுக்கு மாறினார். நீங்களும் உங்கள் இரண்டு ஷூக்களின் உள்ளேயும் ஒருமுறை வெளிச்சம் அடித்துப் பாருங்கள்.

காலிலும் தடயம் இருக்கும். ஷூவைக் கழற்றியதும் தெரியும் லேசான சிவப்பு சில நிமிடங்களில் மறைந்தால் கவலையில்லை. அரை மணி நேரம் கழித்தும் அப்படியே இருந்தால் அந்த இடத்தில் அழுத்தம் அதிகம். தோல் தடிப்பதும் கால் ஆணியும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப உரசலோ அழுத்தமோ இருப்பதன் அடையாளம். ஆணியை எடுத்துவிட்டு அதே ஷூவைப் போட்டால் திரும்பி வரும்.

இனி உறுதி குறைந்த பகுதி. பெருவிரல் மூட்டு வெளியே புடைத்து, விரல் மற்ற விரல்களை நோக்கிச் சாய்வது பெண்களிடம் அதிகம். அதற்குக் குறுகல் ஷூதான் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. 1958இல் வெளியான ஒரு ஹாங்காங் ஆய்வு, ஷூ அணியும் சீனர்களையும் ஷூ அணியாத சீனர்களையும் ஒப்பிட்டது. அணிந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு அந்தச் சாய்வு இருந்தது, அணியாதவர்களில் 100 பேரில் இருவருக்குத்தான். ஷூவுக்குப் பங்கு உண்டு என்பதற்கு இது வலுவான சான்று. அதே நேரம், இது குடும்பங்களில் தொடர்ந்து வருவதும் தெரிந்ததே. ஒரே மாதிரி ஷூ போட்ட இரண்டு பேரில் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமலே போவதும் உண்டு. பரம்பரை எவ்வளவு, ஷூ எவ்வளவு என்று ஒரு தனி மனிதரின் காலைப் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது. அகலமான ஷூ அந்த வலியைக் குறைக்கும். சாய்ந்த விரலை நிமிர்த்தும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கடையில் மெத்து மெத்தென்று இருப்பதையும் பொருத்தத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். தடித்த பஞ்சு முதல் பத்து நிமிடம் எல்லாக் குறையையும் மூடிவைக்கும்.

பாதம் வாழ்நாள் முழுக்க ஒரே அளவில் இருக்காது என்பதில் சந்தேகமில்லை. வயதாக ஆகத் தசைநார்கள் தளர்ந்து பாதம் அகலும், சற்று நீளவும் செய்யும். கர்ப்ப காலத்தில் பாத வளைவு இறங்கி, பாதம் சில மில்லிமீட்டர் நீண்டு, பிரசவத்துக்குப் பிறகும் அப்படியே நின்றுவிடுவதைச் சில பெண்களிடம் அளந்து பார்த்திருக்கிறார்கள், முக்கியமாக முதல் கர்ப்பத்தில். இருபது வயதில் அளந்த எண்ணை நாற்பதில் கேட்டு வாங்குபவர்கள் நிறைய. வருடத்துக்கு ஒருமுறையாவது அளந்துகொள்ளுங்கள்.

நான் நிறுத்திக்கொள்ள வேண்டிய இடமும் இருக்கிறது. மூன்றாவது, நான்காவது விரல்களுக்கு நடுவில் மரத்துப்போவது, மின்சாரம் அடித்தது போலச் சுண்டுவது, ஷூவைக் கழற்றிய பிறகும் தொடரும் வலி, ஒரு காலில் மட்டும் வீக்கம் ஆகியவை இருந்தால் ஷூவை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு மேலே நான் சொன்ன சோதனைகளில் பாதி பயன்படாது, ஏனென்றால் அவை "எப்படி இருக்கிறது" என்ற உணர்வை நம்பியவை. இறுக்கமான ஷூ அவர்களுக்குச் சரியாகப் பிடித்தது போலத் தோன்றும், புண் வந்த பிறகே தெரியும். அவர்கள் பாத மருத்துவம் தெரிந்தவரிடம் அளந்துதான் வாங்க வேண்டும். ஷூவைப் போடுமுன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்ப்பதையும் தினமும் செய்ய வேண்டும்.

உங்களைப் பொறுத்தவரை, காலையே பார்க்காமல் நான் சொல்லக்கூடியது இவ்வளவு: முதல் ஷூ நீளத்தில் சரி, அகலத்தில் போதவில்லை என்பதே அதிக வாய்ப்புள்ள விளக்கம். இதைச் சரிபார்க்க இன்று மாலை தாளில் நின்று இரண்டு பாதத்தையும் வரைந்து, மூன்று அளவுகளை எடுங்கள்: குதிகாலிலிருந்து நீளமான விரல் நுனிவரை, குதிகாலிலிருந்து பெருவிரல் மூட்டின் புடைப்புவரை, மூட்டுக் கோட்டில் குறுக்கே உள்ள அகலம். அதோடு, முதல் ஷூவைப் போட்டு நின்றபோது மூட்டு எங்கே உட்கார்ந்தது என்பதையும் பார்த்து எழுதுங்கள். மூட்டு ஷூவின் அகலமான இடத்திலேயே இருந்தால் அதே எண்ணில் அடுத்த அகலத்தைத் தேடுங்கள். அதைத் தாண்டி முன்னால் போயிருந்தால் நான் சொன்ன விளக்கம் உங்களுக்குப் பொருந்தாது. அப்போது அரை அளவு ஏற்றி, புறங்காலில் கட்டும் வகையைப் பார்க்க வேண்டும். அளவுகளை இங்கே எழுதினால் எந்த வகை லாஸ்ட் உங்களுக்குச் சேரும் என்று இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன்.